தூணுக்கும் ஊர் உண்டு

வளவனூரில் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரிக் கடற்கரை. அங்கே காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் முதுகைச் சாய்த்துச் சுண்டல் கொறித்தபடி என் சிநேகிதர் சொன்னார்: "பிரெஞ்சுக்காரன் ரசனையே ரசனை, ஐயா!"

ரசனை அவனுடையதாகவே இருக்கட்டும், உளி யாருடையது? 1750இல் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761இல் ஆங்கிலேயரிடம் இழந்தது. இவை செஞ்சியிலிருந்து பெயர்த்து வந்த தூண்கள். நாயக்கர் காலத்து வெங்கட்ரமணர் கோயிலுடையவை என்பார்கள்.

சிநேகிதர் விடவில்லை. "பாழாய்ப் போவதைவிட எதற்காவது பயன்பட்டால் என்ன குறை? பிரெஞ்சுக்காரன் தன் கோயிலையே விட்டுவைக்கவில்லையே!"

உண்மைதான். பாரிஸில் ஒன்பதாம் லூயி மன்னன் கட்டி, 1248இல் பிரதிஷ்டையான சேந்த் ஷப்பேல் என்ற சிறு தேவாலயம் இருக்கிறது. புரட்சிக்குப் பின் அது மாவுக் கிடங்காயிற்று. பிறகு தஸ்தாவேஜுகளை அடுக்கும் அறையாயிற்று. ஜெபம் நின்றது, ஆனால் சுவர் நின்றது, பெயர் நின்றது. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலமாரிகளை வெளியேற்றிப் பழுது பார்க்க முடிந்தது. இன்றும் அது வழிபாட்டிடமல்ல. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம். ஆனாலும் உள்ளே நுழைகிறவனுக்கு அது எதுவாக இருந்தது என்று தெரியும்.

கோயில் வேறு காரியத்துக்குப் பயன்படுவது எனக்குப் பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. கட்டடம் நின்றால் அதன் கதையை அதுவே சொல்லும். தூணை மட்டும் பெயர்த்துவிட்டால் கல்லுக்கு வாய் ஏது? அதன் கதையை மனிதர்கள்தான் சுமக்க வேண்டும். சுமந்தோமா நாம்?

தூண்களைத் திருப்பிக் கொண்டுபோங்கள் என்று நான் கூச்சல் போடவில்லை. காந்திக்குத் துணை நிற்பது அவற்றுக்கு இழுக்கல்ல. ஆனால் கொள்ளை போனதை அன்பளிப்பென்று பேசுவது இழுக்கு, அது நமக்குத்தான். 2025இல் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகம் செஞ்சியின் பெயரைக் கற்றுக்கொண்டுவிட்டது. செஞ்சிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருக்கிற நாமோ, அதன் தூணில் சாய்ந்துகொண்டு அந்நியன் ரசனையை மெச்சுகிறோம்!

குழந்தைகளை அங்கே அழைத்துப் போகிறவர்களே, சுண்டல் வாங்கிக் கொடுங்கள். கூடவே, "இது செஞ்சிக் கல்" என்று ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுங்கள்.