ஊருக்குள் வந்த சாலை

சென்னைக் கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கிக் கடலையொட்டிப் போகும் லூப் சாலையில், மீன் வியாபார நேரத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் நகர்ந்தன. 2023 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. மாநகராட்சி மீன் கடைகளை அகற்றத் தொடங்கியது. சாலையோர மீனவர் ஊரான நொச்சிக்குப்பத்து மக்கள் சாலையை மறித்துப் போராடினார்கள். கடைகளை அகற்றியதற்கு அரசு வைத்த பெயர் ஆக்கிரமிப்பு அகற்றம்.

அந்த இடத்தைப் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். சாலைக்கு மேற்கே வீடுகள்; கிழக்கே படகு, வலை, கடல். மீன் கரையேறி விற்பனைக்கு வரும் பாதையைச் சாலைதான் குறுக்கே வெட்டுகிறது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே நிலம் பெற்றபோதே இந்தக் கரையில் மீனவர் ஊர்கள் இருந்தன. கவர்னர் கிராண்ட் டஃப் மெரினா உலாச்சாலையை அமைத்தது 1880-களில்தான். நகரம் வளர்ந்து குப்பங்களைச் சூழ்ந்தது; வார்டு எண் கொடுத்தது, வரி கேட்டது, வாக்குக் கேட்டது. ஆனால், படகு நிறுத்தும் மணல், வலை பின்னும் திடல், கருவாடு காயும் இடம் எல்லாம் ஊருக்குப் பொதுவானவை என்ற வழக்கத்தை மட்டும் தன் ஆவணங்களில் ஏற்றவில்லை. பட்டா இல்லாத மணல் நகரத்தின் கண்ணுக்குக் காலி மணல்.

இந்தப் பார்வை ஏற்கெனவே உயிர்ப்பலி வாங்கியிருக்கிறது. 1985-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டதில் மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள்.

இப்போது நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 366 கடைகள், ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவு. கூரையும் தண்ணீரும் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. போக்குவரத்து நெரிசலும் பொய்யல்ல. ஆனால், அங்காடியில் கடை ஒதுக்கீடு என்பது அரசு தருவது. நாளை விதியை மாற்றி எடுத்துக்கொள்ளவும் முடியும். கரையின் மீது ஊருக்கு இருந்தது வேறு வகை உரிமை. அதைப் பற்றிய பேச்சே எழாமல் பிரச்சினை 'தீர்ந்துவிட்டது'.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2011-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவற்றின் பொது இடங்களையும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் கேட்டது. தமிழகத்தில் இந்த வேலை அரைகுறையாகவே நடந்திருக்கிறது. வரைபடத்தில் இல்லாத இடத்துக்காக நீதிமன்றத்தில் எதை வைத்து வாதாடுவது?

மும்பையில் மீனவர்கள் வாழும் வொர்லி கோலிவாடாவும் ஒரு காலத்தில் தனி ஊர்தான். அங்கே கடலோரச் சாலையின் பாலத் தூண்களுக்கு இடையே 60 மீட்டர்தான் என்று திட்டமிட்டார்கள். படகு போக அது போதாது, 200 மீட்டர் வேண்டும் என்று மீனவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். 2022 டிசம்பரில் அரசு 120 மீட்டருக்கு ஒப்புக்கொண்டது. முழு வெற்றியல்ல. என்றாலும், கடலைத் தெரிந்தவர்கள் சொன்னதற்காக ஒரு பெருந்திட்டத்தின் வரைபடம் மாறியது.

அதற்காக, மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. சாலையோரம் கூடை வைத்து விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பஞ்சாயத்தில் உட்காருபவர்கள் வழக்கமாக ஆண்கள். பொது இடங்களை அளந்து பதிவு செய்யும்போது மீன் விற்கும் பெண்களின் இடமும் அவர்கள் பெயரிலேயே பதிவாக வேண்டும். இல்லையென்றால் பழைய அநீதிக்கு அரசு முத்திரை குத்தியதாகிவிடும்.

இந்தப் பதிவை விரைந்து செய்ய வேண்டியதற்குக் காரணம் உண்டு. கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரமாக மேம்பாலச் சாலை என்ற யோசனை முன்பே ஒருமுறை எழுந்து, மீனவர் எதிர்ப்பைச் சந்தித்தது. அப்படியொரு கோப்பு மீண்டும் மேசைக்கு வரும்போது, அதன் பாதையிலுள்ள மணலுக்கு யார் யார் உரியவர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.