காலாட்டாதே என்று சொல்வதை நிறுத்துங்கள்

நாள் பூராவும் நின்று வேலை பார்த்தவளுக்குப் படுத்ததும் கால் ஓய வேண்டும். எனக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. வெறும் வலி என்று சொல்லிவிட முடியாது. கெண்டைக்காலுக்குள்ளே, கைக்கு எட்டாத ஆழத்தில், ஒரு குடைச்சல். காலை உதறியே ஆக வேண்டும். உதறினால் அரை நிமிடம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் அதே குடைச்சல். எழுந்து ஹாலில் நடந்தால் அடங்குகிறது; படுத்தால் திரும்பி வருகிறது. பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிப் பார்த்தாயிற்று, தைலமும் தேய்த்தாயிற்று. ஊரே தூங்கும்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

வெளியே சொன்னால் என்ன கிடைக்கிறது? வீட்டில், "காலாட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார்கள். மருந்துக் கடையில் கேட்காமலே கால்சியம் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுகிறார்கள். டாக்டரிடம் போனால், "வயசாகுதில்லம்மா, வேலையைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்கிறார். உதறாமல் இரு என்று சொல்வது தும்மல் வரும்போது தும்மாதே என்பது போலத்தான். என் இஷ்டத்துக்கா ஆட்டுகிறேன்?

இது புதுசாக முளைத்த வியாதி இல்லை. 1672லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கால் உதறலால் தூங்க முடியாமல் தவிப்பவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். 1945ல் ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் எக்பாம் இதை விரிவாக ஆராய்ந்து, 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' என்று பேர் வைத்தார். இத்தனை காலம் ஆன பிறகும் நம்மிடம் சொல்வது "அசதியா இருக்கும்" என்பதுதான்.

கண்டுபிடிக்க ஸ்கேன்கூட வேண்டாம். நாலு கேள்வி போதும். காலை அசைத்தே தீரவேண்டும் என்று தோன்றுகிறதா? உட்கார்ந்தால், படுத்தால் வருகிறதா? நடந்தால் குறைகிறதா? சாயங்காலமும் ராத்திரியும் அதிகமா? நாலுக்கும் ஆமாம் என்றால் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சதை பிடித்து இழுப்பது வேறு. சர்க்கரை வியாதியில் பாதம் எரிவதும் மரத்துப்போவதும் வேறு. நரம்பு சுருட்டிக்கொள்வது வேறு. இதையெல்லாம் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் காது கொடுத்தால் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

இதற்கு முக்கியமான ஒரு காரணம் இரும்புச்சத்துக் குறைவு. மூளையில் இரும்பு குறைந்தால், அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலை தடுமாறுகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கலாம். பல லேப்களில் 15ஐத் தாண்டினாலே 'நார்மல்' என்று அச்சாகிறது. ஆனால் இந்தக் கால் தொந்தரவு இருப்பவர்களுக்கு 75 வரை இருந்தாலும் இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்கலாம் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். என் பரிசோதனைத் தாளில் ஃபெரிட்டின் 19. பக்கத்திலேயே நார்மல் என்றும் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தக் குடைச்சல் வருகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும் அதிகம் பிடிக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், காலைப் பற்றிச் சொல்கிற பெண்ணிடம் ஃபெரிட்டின் பாருங்கள் என்று சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்? இரும்பு மாத்திரை எழுதினால்கூட, கால்சியத்தோடு சேர்த்து விழுங்காதே, சாப்பாட்டோடு டீ குடிக்காதே, இரண்டும் இரும்பை உடம்பில் சேரவிடாது என்று யாராவது சொல்கிறார்களா? சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற, தூக்கம் வரவைக்கும் பழைய ரக மாத்திரைகளும், வாந்திக்கான சில மாத்திரைகளும் இந்த உதறலைக் கூட்டும். அதையும் கேட்டால்தான் சொல்கிறார்கள். கேட்கத் தெரியாதவள் என்ன செய்வாள்?

அதற்காக நாமே கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ராத்திரி காபியை விடுவது, படுக்கும் முன் வெந்நீர் ஊற்றி கெண்டைக்காலை நீவிவிடுவது கொஞ்சம் ஆசுவாசம் தரும். இரும்பு சரியாகியும் தீராதவர்களுக்கு மருந்துகள் இருக்கின்றன.

வைத்தியம் இருக்கிற நோய்க்கு வைத்தியம் கிடைக்காமல் விடிய விடிய நடப்பதுதான் என் ஆதங்கம். டாக்டர்களே, கால் என்று சொன்னதும் கால்சியம் எழுதாதீர்கள். ராத்திரி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களே, அம்மாவோ மனைவியோ படுக்கையில் காலை உதறினால் தரித்திரம் என்று திட்டாதீர்கள். மறுநாள் காலையில் லேப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.