யாருக்குத் தர்மசங்கடம்?

என் அண்ணன் மகள் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்து வளர்ந்தவள். நர்சிங் முடித்துப் புதுக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இரவுப் பணி முடிந்து பஸ் பிடித்து ஊருக்கு வந்து திரும்புவது சிரமம் என்று நகரத்திலேயே வாடகைக்கு வீடு தேடினாள். ஒரு நாள் போன் செய்தாள்.

"சித்தப்பா, வீடு பிடிச்சிருக்கு. வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசியாச்சு. வீட்டுக்காரம்மா, 'நீங்க என்ன ஆளுக'ன்னு கேக்குறாங்க. கூட வேலை பாக்குற அக்கா, 'வேற ஏதாவது சொல்லிரு, சர்டிபிகேட்டா கேக்கப் போறாங்க'ங்குது. அப்பா, 'பொய் சொல்லிக் குடிபோக வேண்டாம்'கிறாரு. நான் என்ன செய்யட்டும்?"

முப்பது வருடத்துக்கு மேல் அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதியவன் நான். அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று போனை வைத்தேன்.

இதே கேள்வியோடு 1917-ல் ஒருவர் பரோடாவில் நின்றார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, தன்னைப் படிக்கவைத்த பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வந்த அம்பேத்கர்தான் அவர். இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் அறியப்படும் நினைவுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அந்தக் குறிப்புகளில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது அந்தத் தடிகள் அல்ல. அன்று அவர் உதவி கேட்டுப் போன இரண்டு நண்பர்கள். ஒருவர் இந்து. 'நீங்கள் என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள்' என்றார். இன்னொருவர் கிறிஸ்தவர். மனைவியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். இருவருமே மோசமானவர்கள் இல்லை. நண்பரின் நிலைமைக்கு வருந்தியவர்கள்தான். அம்பேத்கர் அன்று ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

அந்த நண்பர்களின் பதிலை நம் ஊரில் இன்றும் கேட்கலாம். "எனக்கு ஒண்ணுமில்லைங்க, கடைக்கு வர்றவங்க ஒரு மாதிரி பேசுவாங்க" என்பார் டீக்கடைக்காரர். "வீட்டுல பெரியவங்க இருக்காங்க" என்பார், சக ஊழியரைத் தவிர எல்லோருக்கும் பத்திரிகை வைத்தவர். "ஊர்க் கட்டுப்பாடு, நான் ஒருத்தன் என்ன செய்யறது?" என்பார், காலனியில் மட்டும் வரி வாங்காத திருவிழாக் கமிட்டிக்காரர். கடைசியில் எல்லோரும் சொல்கிற சொல் ஒன்றுதான்: தர்மசங்கடம்.

உண்மையான தர்மசங்கடம் இருக்கத்தான் செய்கிறது. நோயாளியிடம் நோயின் கடுமையைச் சொல்வதா வேண்டாமா என்று மருத்துவர் தவிப்பது அப்படி ஒன்று. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயை விட்டுவிட்டு வேலைக்குப் போவதா என்று மகள் கலங்குவது இன்னொன்று. அங்கே இரண்டு பக்கமும் கடமை இருக்கிறது. டீக்கடைக்காரருக்கு ஒரு பக்கம் அன்றைய வியாபாரம், மறுபக்கம் ஒரு மனிதனின் மரியாதை. பத்திரிகை வைக்காதவருக்கு ஒரு பக்கம் சொந்தக்காரர்களின் முகச்சுளிப்பு, மறுபக்கம் பல வருடம் கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட நண்பர். இவை ஒரே எடை கொண்டவை இல்லை. ஆகவே தடுமாறும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இதில் எனக்கு என்ன போகும், எதிரில் நிற்பவருக்கு என்ன போகும்?

இதை மற்றவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. வெளி மாவட்டத்தில் ஓர் அலுவலகத்துக்கு மாறுதலில் போயிருந்த நேரம். நான் யார் என்பது அங்கே பலருக்கும் தெரியாது. பதவி உயர்வில் வந்த ஒரு இளைஞரைப் பற்றி மதிய உணவின்போது பேச்சு வந்தது. "கோட்டாவுல வந்தவன், வேற எப்படி எழுதுவான்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இளைஞர் எழுதிய குறிப்பில் ஒரு பிழையும் இல்லை என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தால் நான் யார் என்று தெரிந்துவிடும். பிள்ளைகளின் பள்ளி, குடியிருந்த வாடகை வீடு எல்லாம் கண்முன் வந்தன. அன்றைக்கு அதைத் தர்மசங்கடம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பின் விலையைக் கொடுத்தவர் அந்த இளைஞர்தான்.

நம் மாவட்டத்தில் இந்த விலை எவ்வளவு என்று 2022 டிசம்பரில் உலகமே பார்த்தது. இறையூர் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது. அடுத்து, அன்றைய ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் நேரில் போனார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும், அய்யனார் கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை என்பதையும் மக்கள் சொன்னார்கள். ஆட்சியர் அவர்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். சட்டம் தெளிவாக இருக்கும் இடத்தில் அதிகாரிக்குத் தர்மசங்கடம் என்று ஒன்று இல்லை.

அதிகாரிகள் கார் ஏறிப் போய்விடுவார்கள். வாய் திறந்து சொன்னவர்கள் மறுநாளும் அதே ஊரில்தான் இருக்க வேண்டும். தொட்டி வழக்கை விசாரித்த சிபிசிஐடி 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது, அந்த மக்கள் அதை ஏற்க மறுத்தார்கள். இடையில் 2024 ஏப்ரலில் நம் கந்தர்வக்கோட்டை ஒன்றியத்திலேயே, சங்கம்விடுதி குருவாண்டான் தெரு குடிநீர்த் தொட்டியில் மாட்டுச்சாணம் கலந்திருப்பதாகப் புகார் வந்து, தண்ணீர் ஆய்வுக்குப் போனது. குழாயில் குடம் பிடிக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்கும் பழக்கம் நம் பெண்களுக்கு அதன் பிறகு வந்துவிட்டது.

பேசினால் ஊர் ஒதுக்கிவிடும் என்று பயப்படும் பிற சாதி நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தலித்துகளுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்ததற்காக ஒருவரை அவருடைய சொந்தச் சாதியினரே தள்ளிவைத்தால், அதுவும் குற்றம் என்கிறது அதன் 7-ஆவது பிரிவு. இன்று அந்த டீக்கடைக்காரர் ஒரே மாதிரி கிளாஸ் வைக்கத் துணிந்தால், சட்டம் அவர் பக்கம் நிற்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்குத் தண்டனை உண்டு என்கிறது. 2016 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவு, சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் தரச் சொல்கிறது. சட்டம் தானாக எழுந்து வராதுதான். முதலில் ஒருவர் பேச வேண்டும். அந்த முதல் ஆள், முந்திரி உடைத்து அன்றாடக் கூலி வாங்கும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வாங்கும் என்னைப் போன்றவர்கள் பேச வேண்டும்.

அண்ணன் மகளுக்கு மறுநாள் போன் செய்தேன். "நீ பொய் சொன்னாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேம்மா. அந்தக் கேள்வியைக் கேட்டவங்க மேலதான் தப்பு. ஆனா நாளைக்கு உங்க அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டுக்கு வந்து தங்கணும். அவங்களும் பொய் சொல்ல வேண்டியிருக்கும். ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன், உள்ளதைச் சொல்லுவோம்" என்றேன்.

போனோம். சொன்னோம். அந்தம்மா காபி கொடுத்தார். "எனக்கு ஒண்ணுமில்லைங்க, எங்க வீட்டுக்காரர்தான்..." என்று இழுத்தார். குடியிருப்பதற்குத் தீண்டாமையைக் காட்டித் தடை போடுவதும் அதே சட்டத்தில் குற்றம்தான் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீடு கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் அவள் அழவில்லை. "பரவாயில்லை சித்தப்பா, இந்த வீட்டுல இருந்திருந்தா தினமும் பயந்துக்கிட்டே இருந்திருப்பேன்" என்றாள்.

இன்னும் அவள் ஊரிலிருந்துதான் வேலைக்குப் போய் வருகிறாள். இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டதும் உண்டு. புதுக்கோட்டையில் வீடு வாடகைக்கு விடுபவர்கள் இதைப் படித்தால், அடுத்து வருகிறவரிடம் எத்தனை பேர் தங்குவீர்கள், எங்கே வேலை, வாடகை எந்தத் தேதியில் தருவீர்கள் என்று கேளுங்கள். அந்த இன்னொரு கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்.