பாலக்கோட்டிலேயே எழுந்து நடக்கட்டும்

தர்மபுரி மாவட்டத்தின் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டை நோக்கி விடியும் முன்பே வண்டிகள் வரத் தொடங்கிவிடும். கூடை அடுக்கிய மினி லாரி, பால் கேன் தொங்கும் பைக், ஓசூருக்கு வேலைக்குக் கிளம்பிய இளைஞர்களின் டூவீலர் எல்லாம் ஒரே சாலையில்தான். அங்கே ஒருவர் அடிபட்டுத் தொடை எலும்பு முறிந்துவிட்டால் சுற்றி நிற்பவர்கள் கேட்பது, "தர்மபுரியா, சேலமா?" என்று. கையில் பணமில்லாத வீட்டில், "புத்தூர் கட்டு போட்டுப் பார்க்கலாமா?" என்ற பேச்சும் வரும். "இங்கேயே ஆபரேஷன் செய்ய முடியாதா?" என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. அதைத்தான் உரக்கக் கேட்க வேண்டும்.

உடம்பிலேயே நீளமான, வலுவான எலும்பு தொடை எலும்பு. அது முறிந்தால் தொடைக்குள்ளேயே 1 லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கக்கூடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. தொடையின் பெருந்தசைகள் முறிந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துவிடுவதால் கால் குட்டையாகிறது. புத்தூர் கட்டின் மூங்கில் பட்டையும் துணியும் அந்த இழுப்பைத் தாங்காது. இறுக்கிக் கட்டினாலோ ரத்த ஓட்டம் நின்று, காலையே எடுக்கும் நிலைகூட வரும்.

ஆபரேஷன் இல்லாமல் மருத்துவமனை தரக்கூடிய பழைய சிகிச்சை, முழங்காலுக்குக் கீழே கம்பி செருகி எடை கட்டித் தொங்கவிடுவது. 6 முதல் 12 வாரம் வரை படுக்கைதான். படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, காலில் ரத்தக் கட்டு, மடங்காத முழங்கால் என்று பின்விளைவுகள் வரிசைகட்டும். கூலி வேலை செய்பவரோடு, துணைக்கு உட்கார்ந்திருக்கும் மனைவியின் கூலியும் போகும்.

இதற்கு விடை கிடைத்து 80 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஜெர்மனியின் கீல் நகரில் 1939-ல் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற அறுவை மருத்துவர், தொடை எலும்பின் உட்குழலில் நீண்ட உலோகக் கம்பியைச் செலுத்தி முறிவை நேராக்கினார். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு, அந்தக் கம்பியோடு ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்களின் எக்ஸ்ரேயைப் பார்த்து அவர்கள் நாட்டு மருத்துவர்கள் வியந்தார்கள். நம் அரசு மருத்துவமனைகளிலும் அது 'கே நெயில்' என்ற பெயரில் பல்லாண்டு புழங்கியது. முறிந்த இடத்தைத் திறந்து, கண்ணால் பார்த்து, கையால் செலுத்திய கம்பி அது.

அதற்கும் ஒரு குறை உண்டு. எலும்பு பல துண்டாகியிருந்தால் கால் திரும்பிவிடும், குட்டையாகிவிடும். அதனால் கம்பியின் இரு முனையிலும் திருகாணி போட்டுப் பூட்டும் முறை வந்தது. கம்பியில் இருக்கும் திருகாணித் துளையோ எலும்புக்குள் மறைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க, ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் 'சி-ஆர்ம்' தேவைப்பட்டது. அந்த இயந்திரம் இல்லாத இடத்தில் இந்த ஆபரேஷனும் இல்லை என்றானது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்க எலும்பு மருத்துவர் லூயிஸ் ஸிர்கிள். வியட்நாம் போர்க்காலத்தில் அங்கே பணியாற்றியவர் அவர். 1999-ல் அவர் தொடங்கிய 'சைன்' அமைப்பின் கம்பியோடு ஓர் அளவுச்சட்டம் வெளிப்புறமாகப் பொருந்தும். கம்பியில் துளை எங்கே இருக்கிறதோ, அதற்கு நேராகச் சட்டத்திலும் துளை இருக்கும். மருத்துவர் சட்டத்தின் வழியே எலும்பைத் துளைத்து, சிறு கருவியால் தடவி, கம்பியின் துளையைக் கைப்பக்குவத்தில் உணர்ந்து திருகாணி போடுவார். சி-ஆர்ம் வேண்டியதில்லை. ஏழை நாடுகளின் மருத்துவமனைகளில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த முறையில் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்.

எல்லா முறிவுக்கும் இது மருந்தாகாது. மூத்தவர்களுக்கு வரும் பல இடுப்பு எலும்பு முறிவுகளுக்கு சி-ஆர்ம் உள்ள தியேட்டர்தான் பாதுகாப்பு. எலும்புக்குள் கிருமி புகுந்தால் ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும். ஆகவே சுத்தமான தியேட்டர், பழுதில்லாத ஸ்டெரிலைசர், கையிருப்பில் ரத்தம், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், கருவிகளின் பெயர் அறிந்த நர்ஸ் ஆகியவற்றில் ஒன்றையும் விட்டுக்கொடுக்க முடியாது. இயந்திரத்தை ஒரே நாளில் வாங்கி நாடா வெட்டிவிடலாம். ஓர் ஆபரேஷன் குழுவை உருவாக்க ஆண்டுகள் பிடிக்கும்.

அந்தக் குழுவுக்கான அடித்தளம் தமிழகத்தில் இருக்கிறது. மருந்தும் கருவியும் வாங்க 1994 முதல் மருத்துவப் பணிகள் கழகம் உண்டு. 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் ரூ.1 லட்சம் வரம்போடு தொடங்கியது. இதே தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சிட்டிலிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993-ல் ஒரு குடிசையில் தொடங்கிய வைத்தியம் இன்று முழு மருத்துவமனையாக நிற்கிறது. முதலில் ஆள், பிறகு கட்டடம் என்ற வரிசைதான் அங்கே பலித்தது.

2015-ல் லான்செட் ஆணையம் முதல்நிலை மருத்துவமனைக்கு மூன்று உரைகல் வைத்தது: சிசேரியன், வயிற்று அறுவை, தோல் கிழிந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை. முதல் இரண்டுக்காகத் தாலுகா மருத்துவமனைகளைக் கேள்வி கேட்கும் நாம் மூன்றாவதை மறந்துவிடுகிறோம். பாலக்கோடு போன்ற ஊர்களில் எலும்பு மருத்துவரும் மயக்க டாக்டரும் இரவிலும் இருக்க வேண்டும். சி-ஆர்ம் பழுதானாலும் வேலை நிற்காத கம்பித் தொகுப்பும் பயிற்சியும் அவர்களுக்குத் தரப்பட வேண்டும். அடிபட்ட காலை அசையாமல் கட்டி ஏற்றுவது ஆம்புலன்ஸ் ஊழியர்களின் கைப்பழக்கமாக வேண்டும். முதலாம் உலகப் போரில் தாமஸ் ஸ்பிளின்ட் என்ற எளிய சட்டம் தொடை முறிவு மரணங்களைப் பெருமளவு குறைத்ததாக மருத்துவ வரலாறு பதிவு செய்திருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன ஆனது என்ற கணக்கும் வேண்டும். 'சைன்' முறையில் ஒவ்வொருவரின் எக்ஸ்ரேயும் பதிவாகிறது. பல மாதம் கழித்து அவர் குந்தி உட்கார்ந்து சிரிக்கும் படத்தையும் சேர்க்கிறார்கள். தக்காளி வயலில் களை எடுப்பவருக்குக் குந்தி உட்கார முடிந்தால்தான் கால் குணமானதாக அர்த்தம். அப்படி ஒரு படம் பாலக்கோட்டு நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் ஒட்டப்பட வேண்டும்.