என் அம்மாவும் படிக்கும் ரிப்போர்ட்!



சர்க்கரை என்றதும் நமக்கு டீக்கடையும் சுகர் டெஸ்ட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் உடல் செல்களின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் வீட்டு விலாசம் மாதிரி. ஏ குரூப் ரத்தத்துக்கும் பி குரூப் ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், அந்தச் சங்கிலி முனையில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான்! ஃப்ளூ வைரஸும் காலரா நஞ்சும் தங்கள் புரதத்தால் இந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகின்றன.

அந்தப் பிடியைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தங்கத்தைப் பதினைந்து, இருபது நானோமீட்டர் துகளாக்கி நீரில் மிதக்கவிட்டால், நிறம் மஞ்சள் அல்ல, சிவப்பு! அந்தத் துகள் மேல் மேனோஸ் சர்க்கரையைப் பூசி, ஜாக் பீன் விதையில் கிடைக்கும் கான்கனவாலின் ஏ என்ற புரதத்தைச் சேர்த்தால், நாலு கை உள்ள அந்தப் புரதம் துகள்களை இழுத்துக் கோத்துவிடும். துகள்கள் நெருங்கியதும் சிவப்பு ஊதாவாகும். 2007-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், லாக்டோஸ் பூசிய தங்கத் துகளால் காலரா நஞ்சையே இப்படிக் காட்டினார்கள்.

"இதெல்லாம் பி.எச்டி. சமாச்சாரம், நமக்கெதுக்குடா?" என்றான் நண்பன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "என்ன ராசா போட்டிருக்கு?" என்று கேட்டாங்க. நான் அப்போ எட்டாங்கிளாஸ். எனக்கும் புரியலை. தலைகுனிந்து நின்றேன். நிறத்தைப் படிக்க எழுத்து வேண்டாம், நண்பர்களே!

ஆனால் நிறமும் பொய் சொல்லும். உப்பு கூடினாலே வெறும் தங்கத் துகள்கள் ஒட்டி நிறம் மாறிவிடும். அதனால் புரதம் சேர்க்காத ஒரு குழாய், அந்தப் புரதம் பிடிக்காத காலக்டோஸ் பூசிய ஒரு குழாய் என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அதைப் பொறுமையாகச் செய்யும் கை யாருடையது? டிப்ளமோ படித்த லேப் டெக்னீஷியனுடையது. அம்மாவிடம் உண்மையான நிறத்தைக் காட்டும் பொறுப்பு நம்முடையதுதான்!

கொதிக்கும் கோல்டு குளோரைடு கரைசலில் சோடியம் சிட்ரேட் விட்டால் அந்தச் சிவப்பு வந்துவிடும். 1951-லேயே வெளியான வழி இது. அடுத்த கண்காட்சியில் ஆசிரியர் துணையோடு இதைச் செய்வோம். உப்பு போட்டு நிறம் மாறுவதையும் சேர்த்தே காட்டுவோம். பார்க்க அம்மா அப்பாவையும் அழைத்து வாருங்கள். அன்றைக்கு ரிப்போர்ட்டை அவங்களே படிக்கட்டும்!