கடிதம் வந்து சேராத நேர்முகப் பரீட்சை

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகத் தெரியவில்லையாம். நிமிர்ந்து பேசுவதில்லையாம், தன்னம்பிக்கை போதாதாம். நகரத்து மண்டபங்களில் நடக்கும் ஆளுமை விருத்திக் கருத்தரங்குகளில் இதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. கழுத்துப்பட்டி கட்டுவது எப்படி, கதவைத் தட்டுவது எப்படி என்று காலை முழுவதும் சொல்லிக்கொடுத்து, பகல் சாப்பாட்டுப் பார்சலும் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்கள். கதவைத் தட்டக் கற்றுக்கொள்வதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கதவு வரைக்கும் நம் பிள்ளை போய்ச் சேருகிறதா என்று மட்டும் இவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

நமது பாடசாலையில் உயர்தரம் சித்தியடைந்த ஒரு பிள்ளை. தாய் கொழுந்தெடுக்கிறவர். அரச திணைக்களம் ஒன்றுக்கான போட்டிப் பரீட்சையில் தேறி, நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில் நிற்க வேண்டும். கடிதம் கைக்குக் கிடைத்தது அதற்கடுத்த வியாழக்கிழமை. உறையில் இருந்த தபால் முத்திரையோ பத்து நாளைக்கு முந்தியது. அத்தனை நாளும் அது தோட்டக் காரியாலயத்தின் மேசை லாச்சிக்குள் கிடந்திருக்கிறது. தாய் போய்க் கேட்டதற்கு, "பெரட்டுல யாரும் வந்து விசாரிக்கலியே" என்று பதில்.

பல தோட்டங்களில் இன்றும் தபால் மொத்தமாகக் காரியாலயத்தில்தான் இறங்குகிறது. லயத்துக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும்தான் நமது முகவரி. கொழுந்து ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கே கணக்குப் பார்க்கத் தெரிந்த காரியாலயத்துக்கு, வந்த கடிதத்தை உரியவரிடம் சேர்க்க மட்டும் ஆள் இல்லையா? கூலியைப் பற்றிப் பேரம் பேசும்போது நாம் இதையும் பேசியிருக்க வேண்டும் என்று சில தலைவர்மார் சொல்கிறார்கள். இனிப் பேசுவோம்.

கடிதம் நேரத்துக்கு வந்தாலும் அடுத்த தடை கோப்புக்குள் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் லெச்சுமி, பாடசாலைப் பதிவேட்டில் லட்சுமி, அடையாள அட்டையில் வேறொன்று. தகப்பன் பெயர் ஓரிடத்தில் ஆறுமுகம், இன்னோரிடத்தில் ஆருமுகன். தமிழ் தெரியாத கையால் சிங்களத்தில் பதியப்பட்ட சான்றிதழ்களில் இது சர்வசாதாரணம். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்து நம்மைக் கடுதாசி இல்லாத சனமாக்கினார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது என்கிறார்கள். நேர்முகச் சபையின் மேசையில் அது தீரவில்லை. "இது நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டால், எந்தக் கருத்தரங்கில் படித்த பதிலைச் சொல்வது?

பெயர்த் திருத்தம் பிரதேச செயலகத்தில், மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் செய்யும் வேலை. ஒரே நாளில் முடியாது. தாய் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேரை விட்டு, பஸ் காசும் கொடுத்துப் போக வேண்டும். ஆகவே கடிதம் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. பிள்ளை பத்தாம் ஆண்டில் இருக்கும்போதே, அதிபர் ஊடாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்பே, பெற்றோர் எல்லாக் கடுதாசியையும் ஒரே மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாசிக்க இயலாதவர்கள் நம்மிடம் கொண்டு வாருங்கள். மாலையில் பாடசாலை மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம்.

அடுத்தது மொழி. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லியாயிற்று. அரச சேவைக்கான பரீட்சைக்குச் சிங்களத்திலோ தமிழிலோ தோற்றலாம், மற்ற மொழியைச் சேவையில் சேர்ந்த பின் நியாயமான காலத்துக்குள் கற்றுக்கொள்ளும்படி கேட்கலாம் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. அப்படியிருக்க, எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதித் தேறிய பிள்ளையிடம் நேர்முகத்தில் மட்டும் சிங்களத்தில் கேள்வி கேட்டு, அது திணறுவதைப் பார்த்து "ஆளுமை போதாது" என்று புள்ளி குறைக்கிறார்கள். நம் பிள்ளைகள் சிங்களம் படிக்கத்தான் வேண்டும். வகுப்பில் அதை வற்புறுத்துகிறவர்களே நாம்தான். அதற்காக, சட்டத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் கூடும் நேர்முகச் சபைகளிலாவது தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? புறக்கோட்டைக் கடையில் மூட்டை இறக்கவும் கொழும்பு வீடுகளில் சட்டி கழுவவும் நம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவர்கள் நேர்முகம் வைப்பதில்லை. பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை, நிமிர்ந்து பேசுகிறாயா என்று பார்ப்பதில்லை. அந்த அழைப்பு பிந்துவதும் இல்லை. தரகர் லயத்து வாசலுக்கே கொண்டு வருகிறார்.

காரியாலயத்துக்கு வரும் ஒவ்வொரு கடிதமும் திகதியோடு ஒரு பதிவேட்டில் எழுதப்பட வேண்டும், மறுநாள் பெரட்டில் பெயர் வாசிக்கப்பட வேண்டும், வாங்கியவர் ஒப்பமிட வேண்டும். இதை எழுத்தில் துரையிடம் கொடுக்கப் போகிறோம். கொடுக்கும்போது கையில் அத்தாட்சி வேண்டும். ஆகவே தோழர்களே, பிந்தி வந்த கடிதம் எதுவானாலும், வங்கிக் கடிதமோ ஆஸ்பத்திரி கிளினிக் கடிதமோ, அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். கைக்குக் கிடைத்த திகதியை உறையின் பின்புறம் எழுதி வையுங்கள். உறையை அடுப்புப் பற்றவைக்கப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.