சாக்கடைக்குப் போகும் எரிவாயு

ஒரு கிலோ சீஸ் செய்தால் எட்டு, ஒன்பது லிட்டர் வடிநீர் மிஞ்சுகிறது. பாலிலிருந்த சர்க்கரையில் பெரும்பகுதி அந்த நீரில்தான் இருக்கிறது. பெரிய ஆலைகள் சில அதைப் பொடியாக்கி விற்கின்றன. சிறிய ஆலைகளுக்கு அந்த வசதி இல்லை. அதை அப்படியே ஓடையில் விட்டால், நீரிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். மீன்கள் செத்து மிதக்கும். வீட்டுச் சாக்கடை நீரோடு ஒப்பிட்டால் அதன் மாசுத்திறன் நூறு மடங்குக்கும் மேல். அதனால்தான் பால் ஆலைகளில் சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம். பல நிலையங்களில் இரவும் பகலும் மின்சாரம் செலவழித்துக் காற்றை ஊதி, அந்தச் சத்தை அழிக்கிறார்கள். அதே நீரைக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் மீத்தேன் நிறைந்த எரிவாயு கிடைக்கும். எரிபொருளாகக் கூடியதை மின்கட்டணம் கட்டி அழிக்கும் இந்த வழக்கத்துக்குத் தமிழ்நாடு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.

இறைச்சிக் கழிவின் கதை இன்னும் மோசம். ஆட்டுத்தொட்டிகளின் ரத்தமும் குடல் கழிவும், தெருவுக்குத் தெரு இருக்கும் கோழிக்கறிக் கடைகளின் மிச்சமும் பெருமளவில் குப்பைமேட்டுக்கோ ஏரிக்கரைக்கோ போய்ச் சேருகின்றன. அங்கே காற்றுப்படாமல் அழுகும்போதும் உருவாவது அதே மீத்தேன்தான். அது வானில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

நாமக்கல்லை எடுத்துக்கொள்வோம். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும். ஒரு கோடி கோழிகளுக்கு 1,000 டன். அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் இருப்பதோ சில கோடிக் கோழிகள். கோழி எச்சத்தை மட்டும் தொட்டியில் போட்டால் அமோனியா மிகுந்து, வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். சர்க்கரை ஆலையின் வடிகசடான பிரஸ்மட், மாட்டுச் சாணம் போன்றவற்றைச் சேர்த்தால் தொட்டி சீராக ஓடும். இந்தக் கலவையில் மின்சாரம் எடுத்த அனுபவம் நாமக்கல்லுக்கே உண்டு. ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் ஏன் பரவவில்லை? மத்திய அரசு 2018 அக்டோபரில் ‘சதத்’ திட்டத்தைத் தொடங்கியபோது 2023-க்குள் 5,000 அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு ஆலைகள் வரும் என்றது. அந்த ஆண்டு முடிந்தபோது திட்டத்தின் கீழ் இயங்கியவை நூறைக்கூட எட்டவில்லை. சென்னை கோயம்பேட்டில் காய்கறிக் கழிவுக்காக நாளுக்கு 30 டன் கொள்ளளவில் கட்டப்பட்ட ஆலையும் நிலைத்து ஓடவில்லை. இத்தகைய ஆலைக்குத் தினமும் ஒரே அளவில், பிளாஸ்டிக் கலக்காத கழிவு வந்தாக வேண்டும். வெளியேறும் கரைசலை வாங்க விவசாயி வேண்டும். வாயுவை வாங்க ஆள் வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் ஆலை படுத்துவிடும். நம் நாட்டில் மானியம் பெரும்பாலும் தொட்டி கட்டத்தான் கிடைக்கிறது. கழிவைக் கொண்டுவந்து சேர்ப்பது யார், கரைசலை எடுத்துப்போவது யார் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம்.

டென்மார்க்கில் ஜட்லாந்து பகுதியின் லெம்விக் நகரில் 1992 முதல் ஓர் ஆலை இயங்குகிறது. அதை நடத்துபவர்கள் கால்நடை வளர்க்கும் விவசாயிகளே. பண்ணைச் சாணக்கரைசலோடு உணவுத் தொழிற்சாலைக் கழிவும் அங்கே போகிறது; செரித்த கரைசல் உரமாக வயலுக்குத் திரும்புகிறது. குளிர்காலத்தில் தொட்டிகளைச் சூடேற்றியே தீரவேண்டிய அந்த நாட்டில், இன்று குழாய்களில் ஓடும் எரிவாயுவில் ஏறக்குறைய 40 சதவீதம் உயிரி எரிவாயு. இந்த நுண்ணுயிர்களுக்கு உகந்தது 35 டிகிரியை ஒட்டிய வெப்பம். நமக்கு வெயில் தானாகவே அதில் பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது.

அந்த விவசாயிகளின் இடத்தில் இங்கே நிற்கக்கூடிய அமைப்பு ஆவின்தான். காலையும் மாலையும் ஊர் ஊராகப் பால் எடுக்கும் தடங்கள் அதற்கு உண்டு. சொசைட்டியில் பால் ஊற்றுபவர்களுக்கு லிட்டர் கணக்கில் பணம் பட்டுவாடா செய்யும் ஏற்பாடும் உண்டு. சாணத்துக்கும் அதே தடத்தில் தனி வண்டி விட்டு, அதே ஏற்பாட்டின் வழியே பணம் போட முடியும். இது கனவல்ல. குஜராத்தில் பனாஸ் டெய்ரி, பனாஸ்காண்டா மாவட்டத்தின் தாமா கிராமத்தில் நாளுக்கு 40 டன் சாணத்தைக் கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கி, வாகன எரிவாயுவாக்கி விற்கிறது. வாராணசியில் பால் ஆலையின் எரிசக்தித் தேவைக்காகவே சாண எரிவாயு நிலையம் அமைக்க 2021 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. கூட்டுறவுப் பால்துறையில் நெடிய வரலாறு உள்ள தமிழ்நாடு இதில் பின்தங்கி நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பால் விலை கட்டுப்படியாகவில்லை என்று விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டிப் போராடும் மாநிலம் இது. சாணத்துக்குக் கிடைக்கும் சிறு தொகையும் மாடு வைத்திருக்கும் பெண்களுக்குப் பெரிய ஆறுதல்.

சாணத்தை எடுத்துவிட்டால் வயலுக்கு உரம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாயுவாகப் போவது கரிமச் சத்தில் ஒரு பகுதிதான். தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கரைசலிலேயே தங்குகின்றன. அந்தக் கரைசல் சாணம் கொடுத்தவருக்கே முதலில் திரும்ப வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதாமல் எந்த ஆலைக்கும் அனுமதி தரக் கூடாது. வாயுக் கசிவையும் கண்காணித்தாக வேண்டும். மீத்தேனை ஒழுகவிடும் ஆலை, இல்லாத ஆலையைவிடக் கேடு. இறைச்சிக் கழிவை ஐரோப்பிய விதிகளில் உள்ளதுபோல 70 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடேற்றிய பிறகே தொட்டிக்குள் விட வேண்டும். இல்லையென்றால் நோய்க்கிருமி உரத்தோடு வயலுக்கு வந்துவிடும். எளிதில் செரிக்காத இறகுகளுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

வாங்க ஆளில்லை என்ற சாக்கும் இனி செல்லாது. வாகனங்களுக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் போகும் இயற்கை எரிவாயுவில் 2025-26-ல் 1 சதவீதமும், 2028-29-ல் 5 சதவீதமும் உயிரி எரிவாயு கலக்க வேண்டும் என்று மத்திய அரசு நிர்ணயித்திருக்கிறது.

தமிழக அரசு மூன்று காரியங்களைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். ஆவினின் பெரிய ஒன்றியம் ஒன்றில், ஆலைக் கழிவுநீரையும் உறுப்பினர்களின் சாணத்தையும் சேர்த்து எடுக்கும் முதல் நிலையத்தை ஆவினே சொந்தமாக நடத்த வேண்டும். மாநகராட்சிகள் இறைச்சிக் கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, கழிவை அன்றாடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை நிபந்தனையாக்கி, எடுத்துச்செல்லும் வண்டியைத் தாங்களே அனுப்ப வேண்டும். சிறுகடைக்காரர் தலையில் அந்தச் செலவைக் கட்டக் கூடாது. தனியார் பால் ஆலைகளுக்கும் பெரிய இறைச்சிக்கூடங்களுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காலக்கெடு விதித்து, அதற்குள் எரிவாயுத் தொட்டி அமைக்காதவற்றின் இசைவாணையைப் புதுப்பிக்க மறுக்க வேண்டும்.